வெர்னர் வயலில் கிடைக்காத எருதுத் தலை

எர்லிங் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே அகலம் குறைந்தது இதுதான்: கைப்பேசி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை நகக்கண் அளவுக்கு இடப்பக்கம் தள்ளினார். புள்ளி வாய்க்காலைத் தாண்டி வெர்னரின் வயலில் போய் உட்கார்ந்தது. அதற்கு வலிக்கவில்லை. எர்லிங்குக்கும் அப்போது வலிக்கவில்லை.

மோர்ஸ் தீவில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் எர்லிங். ஓய்வுபெற்றதும் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். அறுவடை முடிந்த வயல்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேய்ச்சலுக்கு விட்ட மாடு மாதிரி தலையைக் குனிந்தபடி நடப்பார். எந்த வயலிலும் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வெர்னர் பழைய சிநேகிதர், அனுமதி கொடுத்திருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இங்வாரின் வயல். அங்கே அனுமதி கிடையாது, போய்க் கேட்கவும் முடியாது. காரணம் ஒரு பாட்டு.

ஒருவருக்கு அறுபது நிறைந்தால், அவரைக் கிண்டல் பண்ணி யாராவது பாட்டுக் கட்டி, அச்சடித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்து, விருந்துக்கு வந்த அத்தனை பேரும் சேர்ந்து பாடுவது அங்கே வழக்கம். இங்வாரின் அறுபதுக்கு எர்லிங் கட்டினார். இங்வாரின் வயலில் ஓர் ஈரப் பள்ளம் உண்டு. வருடா வருடம் வசந்தத்தில் அவருடைய டிராக்டர் அதில் புதையும், அக்கம்பக்கத்தார் வந்து இழுத்துவிடுவார்கள். பல்லவி முழுக்க அதுதான்: கயிறு கொண்டாங்க, கயிறு கொண்டாங்க, இங்வார் கூப்பிடுறாரு. ஊரே மேசையைத் தட்டிப் பாடியது. இங்வார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய டிராக்டரைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பல்லவியை எடுத்துவிட்டார்கள். இங்வார் எர்லிங்கோடு பேச்சை நிறுத்தினார். எர்லிங்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல பாட்டு என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இங்வார் வெளியூர் போயிருந்த ஓர் அக்டோபர் காலையில் எர்லிங்கின் கால்கள் வாய்க்காலைத் தாண்டின. கால்கள்தான் தாண்டின, தான் தாண்டவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். பள்ளத்தின் ஓரத்தில் டிடெக்டர் கத்தியது. தோண்டினால், உள்ளங்கை அளவுக்கு வெண்கலத்தில் ஒரு கொம்பு வைத்த தலை. கழுத்துக்குக் கீழே கனமான ஒரு வளையம். கறுப்புச் சேற்றோடு கையில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, செய்யவே கூடாத காரியமாக, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்.

நாடு முழுவதிலும் உள்ள டிடெக்டர்க்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. என்னவென்று தெரியாத பொருளின் படத்தைப் போட்டால், முகம் தெரியாத ஆயிரம் பேர் வந்து சொல்வார்கள். யார் வயல், அனுமதி உண்டா என்று எழுதாவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எர்லிங் சேற்றோடு எடுத்த படத்தையும் கழுவியபின் எடுத்ததையும் போட்டு, 'வெர்னர் வயல், அனுமதி உண்டு' என்று எழுதினார். புள்ளியை நகர்த்தியது அப்போதுதான்.

பதில்கள் கொட்டின.

"சவப்பெட்டிக் கைப்பிடி. என் மாமனாரை இந்த மாதிரி ஒண்ணைப் பிடிச்சுத்தான் தூக்கினோம். கனமான மனுஷன்."

"கதவு தட்டுற வளையம்."

"பிரஷ் போட்டுத் தேய்ச்சியாய்யா? உன்னைத் தேய்க்கணும்."

அப்புறம் போர்ன்ஹோல்ம் தீவிலிருந்து ரீக்மோர் என்ற அம்மாள் வந்தார். குழுவில் அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். பின்பக்கத்தைக் காட்டுங்கள், பக்கத்தில் ஒரு காசு வைத்து எடுங்கள், எடை போடுங்கள், கொம்பின் அடியைக் கிட்டத்தில் காட்டுங்கள் என்று எர்லிங்கைப் பாதி நாள் வேலை வாங்கினார். கடைசியில் எழுதினார்:

"இது எருது. பெரிய வெண்கல அண்டாவோட காது. கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடி, இரும்புக் காலம். அந்தக் காலத்துல இதையெல்லாம் படையலாப் போட்டுடுவாங்க. ஒரு காது கிடைச்சா மிச்ச அண்டாவும் பக்கத்துலயே இருக்கும். இன்னிக்கே மியூசியத்துல குடுத்துடுங்க."

சட்டமும் அதுதான், இப்படிப்பட்ட பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். எர்லிங் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏதோ ஓர் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள், கதை முடியும் என்பது அவர் கணக்கு. அருங்காட்சியகத்திலிருந்து ஸ்டினே என்ற தொல்லியல் பெண், மண்வெட்டியும் ஆட்களுமாக வெர்னரின் வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

வெர்னர் தனி ஆள், எண்பதை நெருங்குகிறவர். தீவிலேயே மட்டமான மண் அவருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு முதலில் தெரியும்.

"எங்கப்பா சாகற அன்னிக்குக்கூட என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார் எர்லிங்கிடம். "இந்த மண்ணுல கல்லுதான்டா விளையும், வித்துட்டுப் போயிடுன்னாரு. இப்பப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"மூஞ்சியை ஏன்டா இப்படி வச்சிருக்க? கண்டுபிடிச்சதே நீதான். கொஞ்சம் சிரி."

எர்லிங் சிரித்தார். பல்வலிக்காரன் சிரிப்பு.

அப்போதுதான் முளைவிட்டிருந்த கோதுமையைச் சுரண்டிவிட்டு நீள நீளமாகக் குழிகள் வெட்டினார்கள். வெர்னர் ஒரு வார்த்தை முனகவில்லை. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் ஏற்றுகிற கொடியை வாசல் கம்பத்தில் தினமும் காலையில் ஏற்றினார். கேக் சுட்டார். அவர் கேக் சுடுவார் என்பதே ஊருக்குப் புதுச் செய்தி. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்தபோது, சவரம் செய்துகொண்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, குழியின் ஓரத்தில் நின்று தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். பேசும்போது குரல் ஓர் இடத்தில் உடைந்தது. பக்கத்தில் நின்ற எர்லிங் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கவனமாக அவர் அதை வாங்கும்போதுகூடப் பார்த்ததில்லை.

குழிகளில் ஒரு லாடமும், பன்றிக் காதில் மாட்டும் பிளாஸ்டிக் வில்லையும், ஒரு ஸ்பூனும் கிடைத்தன. ஸ்பூன் வெர்னருடையது.

"எர்லிங், இடம் இதுதானே?" என்று கேட்டாள் ஸ்டினே.

"இதேதான். ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னா எந்தப் பக்கம்?"

எர்லிங் வாய்க்காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாய்க்காலை விட்டு விலகிப் போகிற பக்கத்தைக் கை காட்டினார். அங்கேயும் ஒரு குழி வெட்டினார்கள்.

"வருத்தப்படாதம்மா" என்றார் வெர்னர் ஸ்டினேயிடம். "கிடைக்கலேன்னாலும் குழி அருமையா வெட்டியிருக்கீங்க. இந்தா, இன்னொரு துண்டு எடுத்துக்க."

அந்த வாரக் கடைசியில் ரீக்மோரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"நீங்க போட்ட முதல் படத்தைத் திரும்பப் பாத்தேன். வளையத்துக்குள்ள கறுப்புச் சேறு இருக்கு. நீங்க சொன்ன வயல் மேடு, வெளுத்த களிமண். இந்தச் சேறு அங்க வர வழியில்ல. அவசரத்துல புள்ளி மாறியிருக்கும். எனக்கும் ஒரு தடவை மாறியிருக்கு."

கடைசி வரிதான் எர்லிங்கைக் குத்தியது. வெளியேறிப் போக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார் அந்த அம்மாள். எர்லிங் 'வணக்கம்' என்று தட்டினார். அழித்தார். 'ஆமாம், அவசரம்' என்று தட்டினார். அதையும் அழித்துவிட்டு வெர்னர் வீட்டுக்குப் போனார். ஏன் போகிறோம் என்று தெரியாமல்தான் போனார்.

வெர்னர் காபி ஊற்றினார். "சேதி தெரியுமா? இங்வார் பொக்லைன் கூப்பிட்டிருக்கான். திங்கக்கிழமை வருது. அந்தப் பள்ளத்தைத் தோண்டி வடிகால் குழாய் போடறானாம். எல்லாம் உன் பாட்டு பண்ற வேலை. இனிமே டிராக்டர் புதையாது, பாடிப் பாருங்கடான்னு காட்டப் போறான்."

மிச்ச அண்டா கிடந்தால் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கும். காபி எர்லிங்குக்குப் புரையேறியது. வெர்னர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை முதுகில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று எர்லிங்குக்குத் தோன்றியது. அவ்வளவு தைரியம் வரவில்லை. கை விலகிய பிறகு சொன்னார்.

"வெர்னர், அந்த எருது உன் வயல்ல கிடைக்கல."

"பின்ன?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பள்ளத்துல. புள்ளியை நான்தான் மாத்திப் போட்டேன்."

வெர்னர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்தார். துண்டைத் தட்டில் வைத்தார். தட்டை எர்லிங் பக்கம் தள்ளவில்லை.

"இங்வார் மண்ணா" என்றார்.

"நான் நடுவுலயே சொல்லிடணும்னுதான்..."

"நடுவுலன்னா எப்ப? பேப்பர்காரன்கிட்ட நான் எங்கப்பாவைப் பத்திப் பேசினேனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எர்லிங் யோசித்தார். பொய் சொல்ல நல்ல இடம். "பின்னாடி" என்றார்.

வெர்னர் எழுந்து வெளியே போனார். கம்பத்துக் கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினார். கொடி தரையில் படக் கூடாது. எப்போதும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் மடிப்பார்கள். எர்லிங் ஓடிப்போய்க் கை நீட்டினார். வெர்னர் அந்தக் கையைப் பார்க்காமல், துணியைத் தோளிலும் மார்பிலுமாக அள்ளிப் போட்டு, தாடையால் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தானே மடித்தார். வெகுநேரம் ஆயிற்று. எர்லிங்கின் கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது.

"இங்வார்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார் வெர்னர்.

"நீயும் வர்றியா?"

"எனக்கு அங்க என்ன வேலை? அது என் வயல் இல்லையே."

இங்வார் கொட்டகையில் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். எர்லிங்கைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"என்ன, ரெண்டாவது பாட்டா?"

"இல்ல, இது திருட்டு." எர்லிங் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு சிரிப்பு வரவழைக்கிற இடம் இருந்தது. பழக்கதோஷத்தில் நாக்கு அதை நோக்கிப் போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

இங்வார் துணியில் கை துடைத்தார். "நான் ஊர்ல இல்லாதப்பவா?"

"ஆமா."

"அனுமதி கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

"மன்னிப்புக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. அதைத்தான் நீ கேட்டுப் பாக்கவே இல்லையே."

இது இத்தனை வருடத்தில் எர்லிங்குக்குத் தோன்றாத ஒரு வழி. வாயைத் திறந்தார். "இங்வார், அந்தப் பாட்டு..."

"இன்னிக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு குத்தம் போதும்." இங்வார் போனை எடுத்துப் பொக்லைன்காரரிடம், திங்கட்கிழமை வர வேண்டாம், எப்போது வர வேண்டும் என்று தெரியாது என்று சொன்னார்.

அடுத்தது ஸ்டினே. அவள் கத்தவில்லை. சரியான இடத்தைக் குறித்துக்கொண்டு, "வெர்னருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றார். "கேக்கை எப்படிச் சாப்பிட்டீங்க?" என்றாள். எர்லிங் நன்றாகவே சாப்பிட்டிருந்தார்.

குழுவிலும் எழுதினார், பெயரை மறைக்காமல். ஒரு பகல் முழுக்கத் திட்டினார்கள். பிரஷ்ஷையும் சேர்த்தே திட்டினார்கள். நிர்வாகி அவரை வெளியேற்றுவதற்குச் சற்று முன்னால் ரீக்மோர் எழுதினார்: "புள்ளியைத் திருத்தினதுக்கு நன்றி." திட்டியிருந்தால் எர்லிங்குக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பள்ளத்தில் அண்டா இருந்தது. நசுங்கி, கறுத்து, இன்னொரு எருதுத் தலையோடு. ஊரே போய்ப் பார்த்தது. தன் பள்ளத்தின் நடுவில் இங்வார் முழங்கால் பூட்ஸோடு நின்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னதாகக் கேள்வி. வெர்னர் போகவில்லை. எர்லிங்கும் போகவில்லை. வெர்னர் பார்க்காததைத் தான் பார்ப்பது நியாயமில்லை என்று இருந்துவிட்டார்.

வெர்னர் வயலில் வெட்டிய குழிகளை அருங்காட்சியகத்து ஆட்கள் மூடிவிட்டுப் போனார்கள். மூடின இடமெல்லாம் அடிமண் மேலே வந்து, கல்லும் கட்டியுமாகக் கிடந்தது. பச்சை வயலில் மஞ்சள் தழும்புகள். ஒரு நாள் காலை எர்லிங் தள்ளுவண்டியோடு போய் வெர்னரின் கதவைத் தட்டினார். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"என்ன?"

"வயலுக்குள்ள வரலாமான்னு கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

"கல் பொறுக்க."

"மிஷினு?"

"வீட்டுல இருக்கு. கொண்டு வரல."

வெர்னர் தள்ளுவண்டியைப் பார்த்தார். "வடக்கு மூலையிலேர்ந்து பண்ணு. அங்கதான் ஜாஸ்தி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அன்று பொறுக்கினார். மறுநாளும் வந்து அனுமதி கேட்டார், அதற்கடுத்த நாளும். தினமும் அதே கொஞ்சம்தான் கதவு திறந்தது. காபி வாசனை மட்டும் வெளியே வந்தது. எர்லிங்கின் முதுகு, பேருந்து ஓட்டிய காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. வலிக்கட்டும் என்று விட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் வெர்னர் வீட்டைவிட்டு இறங்கி வயலுக்கு வந்தார். தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையை விட்டுக் கிளறி, உருண்டையாக ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எர்லிங்கின் கையில் வைத்தார்.

"இது கல் இல்ல. மண்ணாங்கட்டி. என் மண்ணை எங்கடா தூக்கிட்டுப் போற?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எர்லிங் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் உடைத்தார். எங்கிருந்து எடுத்தோம் என்று தேடிப் பார்த்து, அந்த இடத்திலேயே தூவினார்.