எட்டாத பந்துகள்

"தோத்துட்டா உன்ன அடிப்பாங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டுச் சிறுமி அஞ்சம்மாள் ஒருமுறை கேட்டாள். கிருஷ்ணவேணி தன் முதல் கோப்பையோடு விழுப்புரம் ரயில்வே குடியிருப்புக்குத் திரும்பிய நாள் அது. அன்று சிரித்துவிட்டாள். 1963 மாசியில், திண்டிவனம் கிளப்பின் பின்புறம் கிணற்றடியில் குனிந்து வாந்தியெடுத்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

டென்னிஸ் ஆடுவதற்காகத்தான் ரயில்வே அவளைப் பார்சல் ஆபீஸில் வைத்திருந்தது. தற்காலிக வேலை. இந்த வருஷப் போட்டியில் ஆடிவிட்டால் நிரந்தரம். வராமல் போனாலோ, பாதியில் விலகினாலோ பெயரை எடுத்துவிடுவார்கள். கணவன் பாண்டுரங்கனுக்கு நிலக்கடலை மண்டியில் அறுவடைக் காலத்தில் மட்டும் வேலை. போன ஆடியில் ஒரு பந்தயம் முடிந்து திரும்பும் வழியில், ரயிலிலேயே அவளுக்குக் கரு கலைந்தது. இப்போது மறுபடியும் மூன்று மாதம்.

"வாணாம்னு சொல்லிட்டு வந்துடு வேணி," என்று காலையில் ஸ்டேஷனில் பாண்டுரங்கன் சொன்னான்.

"வந்துட்டு? ரெண்டு பேருமா மண்டில குந்திக்கினு மல்லாட்டை ஒடைக்கலாமா?"

அவன் சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தான். விக்கிரவாண்டி தாண்டும்வரை அவள் திருவக்கரை அம்மனிடம் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கிணற்றடியில் பின்னாலிருந்து ஒரு கை தண்ணீர்ச் செம்பை நீட்டியது. அரக்கோணம் ராஜாமணி. சற்று நேரத்தில் எதிரே நின்று ஆடப்போகிறவள். வலையோரம் மெல்லப் பந்தைப் போட்டு, எதிராளியை முன்னும் பின்னும் ஓடவைத்தே சாய்ப்பவள் என்று பேர் வாங்கியவள்.

"எத்தினி மாசம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு. ஆருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. போன தபா தங்கல."

ராஜாமணி செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஜல்தி மூஞ்ச கழுவு. கூப்புடறாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தன் பலவீனத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று கிருஷ்ணவேணி தன்னையே நொந்துகொண்டாள். இனி அந்த மெல்லிய பந்துகள் ஒவ்வொன்றாக வரும். ஓடாமல் இருக்க வேண்டும் என்று மனம் சொல்லலாம். பந்தைக் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் கேட்குமா?

ராஜாமணி அடித்த முதல் பந்து ஆடுகளத்தின் மூலையில் இடிபோல விழுந்து போனது. அடுத்ததும் அப்படியே. ஓடிப்பார்க்கலாம் என்ற ஆசைகூட எழாத தூரம். மற்றவை நேராக அவள் மட்டைக்கே வந்தன. வலையோரப் பந்து ஒன்றுகூட வரவில்லை.

"இன்னாம்மா, காலை நட்டு வெச்சிக்கினு நிக்கிற? தண்ணி ஊத்தட்டா?" என்று வேலியோரம் ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.

அவமானத்தில் முகம் எரிந்தது. ராஜாமணி தன்னை ஓடவிடாமலே ஆடுகிறாள் என்று இரண்டாவது செட்டின் நடுவில்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கண்ணீர் பார்வையை மறைத்தது. வந்த பந்தையும் விட்டுவிட்டாள். ஆட்டம் விரைவில் முடிந்தது. ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை.

"ராஜாமணிக்கு இன்னா திமிரு பாத்தியா. சின்னப் பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு உட்டுக் குடுத்தா இன்னா?" என்று யாரோ சொன்னது இருவர் காதிலும் விழுந்தது. வலைக்கு மேல் கை குலுக்கும்போது கிருஷ்ணவேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத," என்றாள் ராஜாமணி. "முழுசா ஆடிட்ட. அது போதும்."

சாயங்காலம் ஸ்டேஷனில் பெண்கள் ஓய்வறை காலியாக இருந்தது. மறுநாள் இறுதி ஆட்டத்துக்காக அங்கே தங்கியிருந்த ராஜாமணி சாப்பிடப் போயிருந்தாள். அவளுடைய கேன்வாஸ் ஷூக்கள் பெஞ்சுக்கு அடியில் செம்மண் அப்பிக் கிடந்தன. கிருஷ்ணவேணி இதுவரை பிறர் காலணியைக் கையால் தொட்டதில்லை. மெதுவாக உட்கார்ந்து இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஈரத் துணியால் மண்ணைத் துடைத்து, தன் பையிலிருந்த வெள்ளைப் பூச்சைக் குழைத்து, தையல் இடுக்கெல்லாம் விரலாலேயே தடவினாள். அடிவயிற்றில் லேசாக ஒரு இழுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது அடங்கியதா, அடங்கவில்லையா என்று தெரியவில்லை.

விழுப்புரம் வண்டிக்குச் சிக்னல் கைகாட்டி இறங்கியது. ஷூக்களை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்தபடி அடிமேல் அடி வைத்து வெளியே போனாள். காலியான அறையில், வெள்ளைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.