கல்பனாவுக்கு இன்னொரு பரிசோதனை

அன்று எங்கள் திருத்தணி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஜெகநாதனாகிய நான்; என் மனைவியும் அக்காள் மகளுமான கௌரியம்மாள்; உடம்பில் ரத்தம் ஊறாத நோயோடு சாய்ந்திருந்த மகன் முருகவேல்; ஐப்பசியில் மலைமேல் கல்யாணம் வைத்திருந்த மகள் கல்பனா; நலம் விசாரிக்க மணவூரிலிருந்து வந்த சம்பந்தி பங்காரு. வேறு யாருமில்லை.

சென்னை டாக்டரம்மா போனில் அழைத்தார். கௌரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"தங்கச்சியோட ஸ்டெம் செல் முழுசா பொருந்துதுங்க."

"அவ கோவமும் சேர்ந்து எனக்கு வருமா டாக்டர்?" என்றான் முருகவேல்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது பரம்பரைக் கோளாறு. அப்பா வழியிலயும் அம்மா வழியிலயும் சேர்ந்து வந்தாதான் நோய். உங்களுது சொந்தத்துல நடந்த கல்யாணம். தங்கச்சி செல்லுலயும் அதே கோளாறு ரெண்டு வழியிலயும் ஒளிஞ்சிருந்தா, அதுவும் கொஞ்ச நாள்ல ரத்தம் ஊறாம நின்னுடும். இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்."

பங்காரு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. டெஸ்ட் வேணாங்க" என்றேன்.

"அப்போ அவ செல்லை நான் போட முடியாது. இவருக்கு ரொம்ப நாள் இல்லீங்க."

"நைனா, எனக்குக் கோளாறு இருந்தா இப்பவே தெரியட்டும். அண்ணன் செத்த வீட்டுலருந்து நான் மணவறைக்குப் போவணுமா?" என்றாள் கல்பனா.

பங்காரு என் முழங்கையைத் தொட்டார். "பாவா, நீ சொன்னதுதான் சரி. டெஸ்ட்டும் வேணாம், கொடுக்கவும் வேணாம். நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு. பையன் விதி, என்னா பண்றது?"

முருகவேல் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பிள்ளையின் விதியை என் வீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"கௌரி, நிச்சயத்துக்கு வந்த புடவையை எடுத்துட்டு வா" என்றேன். அதைப் பங்காருவின் கையில் கொடுத்தேன். பிறகு போனை வாங்கினேன். "டாக்டரம்மா, நாளைக்கே வர்றோம். டெஸ்ட் எடுங்க."

கல்பனாவிடம் அந்தக் கோளாறு ஒரு வழியில் மட்டுமே இருந்தது. அவளுடைய செல் நோயாகாது என்றார்கள். கொடுத்தாள். இப்போது முருகவேலுக்கு ரத்தம் ஊறுகிறது.

எங்கள் ரத்தம் சரியில்லை என்று பையன் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டதாக மணவூரில் பேசுகிறார்கள். தவறு. நிறுத்தியவன் நான்.