கதவில் காய்ந்த கை

எங்கள் தெருவில் கதவுக்குப் பவுடர் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பின்னால் நின்ற அம்மா, "பைய பூசுலே இனிகோ, அழிஞ்சிராம" என்றாள். நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

அண்ணன் ஆன்றோ மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. முந்தின நாள் ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. போட்டிருந்தது எங்கள் கால்பந்துக் குழுவின் நீலச் சட்டை. அதைப் பாதிக் கடற்கரை போட்டிருக்கிறது. சட்டையை நம்பினால் நானும் செத்தவன்தான். ஆனால் அம்மா அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

கைரேகைப் பிரிவு சந்தனச்செல்வி மேடம் போனில், "அவர் தொட்ட பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அம்மா துடைக்காத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது, இந்தக் கதவைத் தவிர. மாதா கோயில் திருவிழாவுக்கு அண்ணன்தான் பெயின்ட் அடித்தான். காயுமுன்னே வலது கையை அதில் ஊன்றிச் செருப்பு மாட்டினான். ஐந்து விரலும் பதிந்து அப்படியே இறுகிவிட்டன. அம்மா ஏசிய ஏச்சு துறைமுகம் வரை கேட்டிருக்கும். தடய அறிவியல் இரண்டாம் வருஷம் படிக்கிற நான் லென்ஸ் வைத்துப் பார்த்து, "அஞ்சு ரேகையும் வளையம். உலகத்துல பாதி விரலுக்கு மேல இதான். உங்கிட்ட விசேஷமா ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

"அப்பம், நான் களவாண்டாலும் என்னயப் புடிக்க முடியாதுல்லா?" என்று சிரித்தான்.

பிணவறை வாசலில் மேடம், பவுடர் பூசிய கதவுத் தடத்தை நான் போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கினார். பக்கத்தில், அவருடைய லென்ஸுக்கு அடியில், அந்த உடலிலிருந்து எடுத்த வலது கைப் பதிவு. கதவிலிருந்த கட்டைவிரலில் கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து, வந்த பக்கமே வெளியேறின. தாளிலிருந்த கட்டைவிரலில் அவை வெளியேறவே இல்லை. நீர்ச்சுழி மாதிரி நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"வகை ஒத்துப்போச்சுன்னா இவருதான்னு சொல்லிர முடியாது தம்பி. ஒத்துப்போகலன்னா இவரு இல்லன்னு சொல்லலாம். இது உங்க அண்ணன் இல்ல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. நன்றி சொல்லத்தான் திறந்தேன். "ஒங்க லென்ஸ் நல்லாருக்கு மேடம்" என்று வந்தது. அவர் புரிந்துகொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தோத்திரம் மாதாவே." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பம் அது யாரு பெத்த பிள்ளைலே?"

"தெரியலம்மா. கட்டைவிரல்ல சுழி உள்ள பிள்ளை."

மாதா சுரூபத்தின் முன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தான். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். உதடு வெடித்து, வெயிலில் கருகிப்போய் வாசலில் நின்று கதவைப் பார்த்தான். "எம்மா, கதவுக்கு யாரு மேக்கப் போட்டது?"

அம்மா அவன் வலது கையைப் பிடித்து அந்தத் தடத்தின் மேல் வைத்தாள், விரல் மேல் விரலாக. அழுத்தியதில் பவுடர் உதிர்ந்தது. உள்ளே, இன்னும் பேர் தெரியாதவனுக்காக அன்று காலையிலும் அவள் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி, கடல் காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது.