ராபர்ட் ராஜாவின் குதிரை வயிறு

கில்மோரன் ஊரின் நடுச் சந்தியில் ராபர்ட் ராஜா வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் கோடரி. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அடித்து விரட்டிய ஆங்கிலப் படை திரும்பி வந்துவிடுமோ என்று இன்னும் தெற்கையே முறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கோடரியைப் பற்றியும் வீரத்தைப் பற்றியும் ஊரில் எத்தனையோ பாட்டு உண்டு. அவர் தலையில் உட்கார்ந்து கடற்காகங்கள் செய்கிற காரியத்தைப் பற்றி ஒருவரும் பாடியதில்லை. அதைச் சுரண்டி எடுக்கிறவள் எல்ஸ்பெத் பிரி ஒருத்திதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. ஜூன் கடைசியில் வெற்றி நாள் வருவதற்கு முன் சாரம் கட்டி ஏறி, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, வெண்கலத்தை நெருப்பால் சூடாக்கி, மெழுகு பூசி இறங்குவாள். ராஜாவின் தோளில் எச்சம், மடியில் மீன் முள், பீடத்தைச் சுற்றி சனிக்கிழமைக் குடிகாரர்களின் வாந்தி, மூத்திரம், ஊறிப்போன சிப்ஸ். குதிரையின் வலது முன்குளம்பில் மட்டும் தனியாக ஒரு பிசுபிசுப்பு. ராஜா ராபர்ட் சங்கத்து ஆண்கள் வெற்றி நாளன்று வரிசையில் நின்று அந்தக் குளம்பில் ஆளுக்கொரு மடக்கு விஸ்கி ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டு மார்பில் கை வைத்துக் கண் கலங்குவார்கள். எறும்பு மொய்ப்பதைப் பார்க்க அவர்கள் மறுநாள் வருவதில்லை.

அந்தச் சங்கத்தின் தலைவன் அவளுடைய தம்பி ஸ்ட்ரூவன்தான். அதை நினைத்தாலே அவளுக்கு வாய் கசக்கும்.

இடுப்பு அறுவைக்குப் பிறகு இரண்டு வருஷம் அவளால் சாரம் ஏற முடியவில்லை. நகராட்சி யாரையோ பிடித்துக் கீழே நின்றபடியே தண்ணீர் பீய்ச்சச் சொல்லியிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரத்தில்தான் அப்பா எர்ச்சி செத்துப்போனார். தன் சாம்பலை அம்மா ஜெஸ்ஸியின் குழியில்தான் போட வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருந்தார். "நான் போட்டுட்டேன்கா, புல்லைப் பெயர்த்துப் பதமா வச்சு மூடிட்டேன்" என்று ஸ்ட்ரூவன் படுக்கைப் பக்கத்தில் நின்று சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஒரு ஞாயிறு தவறாமல் அவள் கல்லறைக்குப் போய், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அம்மாவிடமும், அந்தப் பக்கம் நின்று அப்பாவிடமும் ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறாள்.

இந்த வருஷம் வெற்றி நாளுக்கு முந்தின வியாழக்கிழமை காலை மறுபடி சாரம் ஏறியதுமே நாற்றம் மூக்கில் அறைந்தது. எச்ச நாற்றம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. குதிரையின் பின்னங்கால் இணைப்பிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து வழிந்திருந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். காலியாக இருக்க வேண்டிய வயிறு தண்ணீர் நிரம்பிய பீப்பாய்போல மொத்தென்றது.

சேணத்துக்குப் பின்னால், ராஜாவின் அங்கி மடிப்புக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி உண்டு. சிலையை வார்த்தவர்கள் உள்ளேயிருந்த களிமண்ணை எடுக்க விட்ட வழி. அதன் இரண்டு திருகாணிகளுக்கும் தனிச் சாவி. அது அவள் கொட்டகையில்தான் தொங்கும். இப்போது ஒரு திருகாணியைக் காணோம். மூடி கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்து மழையும் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. கூடு கட்டப் போன குருவிகளும் போயிருக்கின்றன, திரும்பி வரவில்லை.

வயிற்றுக்கடியில் தண்ணீர் வடிய விரல் நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து குதிரைக்கு வயிறு கிழியும். எல்ஸ்பெத் கீழே ஒரு அகலத் தொட்டியை வைத்து, மல்லாந்து படுத்து, கம்பியை உள்ளே விட்டாள். சாம்பல் நிறத்தில் கட்டியாக ஏதோ இறுகியிருந்தது. எவனோ சிமென்ட் ஊற்றியிருக்கிறான் என்று நினைத்து அவன் வம்சத்தையே திட்டினாள்.

"அக்கா! அக்கா! அதை விடு, கை வைக்காத!"

ஸ்ட்ரூவன் ஓடி வந்தான். சனிக்கிழமை வெற்றி நாள் கூட்டத்துக்கு நாற்காலி போட வந்தவன். ஒத்திகைக்கென்று இன்றைக்கே கில்ட் பாவாடை கட்டி, முழங்கால் வரை காலுறை இழுத்துவிட்டு, காலுறையில் சின்னக் கத்தியும் சொருகியிருந்தான்.

"ஏன்டா, உன் கல்யாண மோதிரமா உள்ள கிடக்கு?"

"இல்லக்கா, சனிக்கிழமை முடியட்டும். லோரிமர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நகராட்சி லோரிமர்கிட்ட நீ என்னத்தப் பேசுவ? குதிரைக்கு வயித்துப்போக்குன்னா?"

"விளையாடாதக்கா. சொன்னாக் கேளு."

அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கம்பியை இன்னொரு குத்துக் குத்தினாள். கட்டி உடைந்தது.

கொட்டியது. கறுத்த தண்ணீர், அதன் பின்னால் கஞ்சிப் பதத்தில் சாம்பல் நிறச் சேறு, சேற்றோடு இறகும் எலும்பும் புழுவும். தொட்டி நிரம்பி அவள் தோள்பட்டையில் தெறித்தது. வாயை இறுக்கி மூடியும் ஒரு சொட்டு உதட்டில் பட்டுவிட்டது. எழுந்து துப்பினாள், துடைத்தாள், மறுபடி துப்பினாள். சந்தியில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் மாறினார்கள்.

சேற்றில் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் எடுத்துக் கழுவினாள். ராஜா ராபர்ட் சங்கத்து ஆள்கள் சட்டையில் குத்திக்கொள்கிற சின்னம். துழாவினால் இன்னொன்று. மொத்தம் நாலு.

"இது எப்படிடா உள்ள போச்சு?"

ஸ்ட்ரூவன் ராஜாவைப் பார்த்தான், நாற்காலிகளைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நம்ம ஆளுங்கக்கா. டாம் மெல்ட்ரம் கிழவர், கார்கில் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அப்புறம் ஃபெர்கஸ் ஆல்ட். ராஜாவோட குதிரையிலயே இருக்கணும்னு கடைசி ஆசை. சாம்பலைப் போட்டு, கூடவே அவங்க சின்னத்தையும் போட்டேன். மரியாதைக்கு."

அவள் தன் கையுறையைப் பார்த்தாள். உதட்டை மறுபடி துடைத்தாள். மனுஷச் சாம்பல். குருவிப் பிணத்தோடும் புழுவோடும் ஊறிய மனுஷச் சாம்பல்.

"த்தூ! என் சாவியைத் திருடி இந்தக் கண்றாவியா பண்ணின? எப்பலேர்ந்து?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்பலேர்ந்து."

"அப்ப முதல்ல போட்டது யாரை? இந்த நாலு பேரும் போன வருஷந்தானே செத்தாங்க?"

அவன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். அவள் எழுந்து நின்றாள். இடுப்பு வலித்தது.

"ஸ்ட்ரூவன். அப்பா எங்கடா?"

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு, ஒருத்தருக்கும் பேர் தெரியாது. ராஜாவோட இருந்தா அவருக்கும் ஒரு பெருமைதானே? நான் நல்லதுக்குத்தான்..."

"ராஜாவோடயாடா? குதிரை வயித்துக்குள்ளடா! அவரு உங்க சங்கத்தைப் பார்த்தாலே வாசல் கதவைச் சாத்திப்பாருடா. பாவாடை கட்டின கிழட்டுப் பசங்க போர் விளையாட்டு விளையாடுறானுங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவரைக் கொண்டுபோய் அவனுங்களோடயே போட்டு ஊற வச்சிருக்க!"

எல்ஸ்பெத்துக்கு அந்த ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. பூ வைத்தது, கல்லைத் துடைத்தது, இடுப்பு எப்படி இருக்கிறது என்று விவரமாகச் சொன்னது. யாருமில்லாத மண்ணிடம் இரண்டு வருஷம் பேசியிருக்கிறாள். அவள் பேசப் போவது தெரிந்தும் இவன் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் காரில் ஏறும்போது, "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லுக்கா" என்று வேறு கையாட்டியிருக்கிறான்.

ரொட்டிக் கடைக்காரி வெளியே வந்து, லோரிமருக்குப் போன் போட்டாயிற்று, வந்துகொண்டே இருக்கிறார் என்று கத்திவிட்டு உள்ளே போனாள். ஸ்ட்ரூவன் சட்டென்று அவளுடைய தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினான்.

"நகருக்கா. அவரு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சாக்கடைக்குள்ள அடிச்சு விட்டுடறேன். யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை எடின்பரோலேர்ந்து ஆளுங்க வர்றாங்க."

அதுவரை அவளுக்கு இருந்தது சேற்றின் மேல் அருவருப்பு. இப்போது அது இடம் மாறியது. இவனோடு ஒரே மேசையில் ரொட்டி பிய்த்துத் தின்று வளர்ந்தோமே என்று உடம்பு கூசியது. குழாயை அவன் கையிலிருந்து வாங்கித் தண்ணீரை மூடினாள்.

"எடுடா கரண்டியை."

"நானா? இந்த உடுப்போடயா?"

"அந்த உடுப்போடதான். ஒரு துளி கீழ சிந்தாம வாளில அள்ளு. குருவியைப் பொறுக்கித் தனியாப் போடு."

அள்ளினான். இரண்டாவது வாளி நிரம்பும்போது வாந்தி எடுத்தான். தலையைத் திருப்பித் தன் காலுறைமேலேயே எடுத்தான், அந்த மட்டும் புத்தி இருந்தது. அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. மேலே ஏறி மூடியைக் கழற்றி, மிச்சத்தைக் கீழே தள்ளினாள். ஐந்து வாளி ஆயிற்று.

லோரிமர் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னம்மா எல்ஸ்பெத், என்ன இது?" என்றார்.

"என் தம்பி சொல்லுவான் சார். நல்லாப் பேசுவான். சங்கத் தலைவர்."

ஸ்ட்ரூவன் சொன்னான். லோரிமர் பாதியிலேயே கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டார். அவருடைய மாமனார்தான் ஃபெர்கஸ் ஆல்ட்.

"அவரை மலைமேல தூவிட்டதா எங்ககிட்ட சொன்னீங்க," என்றார் லோரிமர். "என் மனைவி அங்க மரம் நட்டிருக்கா."

"எந்த வீட்லயும் சொல்லல சார்," என்றான் ஸ்ட்ரூவன். அப்படியென்றால் அந்த நாலு குடும்பத்துக்கும் கூட ஒன்றும் தெரியாது. செத்தவர்களுக்கும் இவனுக்கும் மட்டுமே தெரிந்த பெருமை.

"நாலு வாளி, நாலு வீடு," என்றாள் எல்ஸ்பெத். "இன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு, உன் வாயாலயே சொல்லு. நாறுதுன்னா நாறட்டும். அப்புறமா சனிக்கிழமை ராஜாவைப் பத்திப் பேசு, குரல் வந்துச்சுன்னா."

"எதுல யாரு இருக்காங்கன்னு எப்படிக்கா..."

"அதையும் நீயே சொல்லு."

கைக்கு எட்டின வாளியை எடுத்து வண்டியில் வைத்தாள்.

கல்லறையில் அந்நேரம் யாரும் இல்லை. அம்மாவின் கல்லுக்கு முன்னால் புல்லை நாலுபக்கமும் வெட்டிப் பெயர்த்துக் குழி தோண்டினாள். வாளியின் நாற்றம் காற்றில் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அப்பாவைக் கையால் தொட்டுப் போட வேண்டும் என்று கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். முடியவில்லை. அருவருப்பு அவளைவிடப் பெரியதாக இருந்தது. அப்பாவைத் தொடக்கூட முடியாமல் செய்ததற்காக அவள் தம்பியை மன்னிக்கப் போவதில்லை. கையுறையோடேயே வாளியைச் சாய்த்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காத," என்றாள். "இதுல யார் யாரோ இருக்காங்க. அப்பா எவ்வளவு இருக்காருன்னு எனக்குத் தெரியலம்மா."