கருவாட்டுக் கொட்டகையில் விருந்து

வலை காயும் மணலுக்கு நடுவே சரவிளக்கு தொங்கும் ஓட்டல் என்றால் யார் நம்புவார்கள்? கலியபெருமாள் கட்டினார். உப்பளத்துக்குக் கிழக்கே, குப்பத்தை ஒட்டிப் பாழாய்க் கிடந்த கருவாட்டுக் கொட்டகையை வாங்கி, வெள்ளையடித்து, மேசைக்கெல்லாம் விரிப்புப் போட்டு, பிரெஞ்சில் ஒரு பெயரும் எழுதி வைத்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் வெள்ளைக்கார முசியேக்களும் மதாம்களும் காரில் வந்து இறங்கினார்கள். குப்பத்து ஜனங்களுக்கு மட்டும் அது இன்னமும் கருவாட்டுக் கொட்டகைதான்.

வேம்புவுக்கு அது புருஷன் செத்த இடம். கொட்டகையைப் பழுது பார்க்கக் கூலிக்குப் போன அவள் புருஷன் அம்மாவாசையின் மேல் சுவர் சரிந்து விழுந்தது. அவன் குடித்துவிட்டு வந்து சுவரில் மோதினான் என்று கலியபெருமாள் ஊரெல்லாம் சொன்னார். அடப்பாவி! சாராய வாடையே ஆகாத மனுஷனைப் பற்றி அப்படிச் சொல்ல நாக்கு எப்படித்தான் வந்ததோ.

"எனக்குக் காசு வேணாம். அந்த வாயாலயே என் தப்புன்னு பஞ்சாயத்துல சொல்லட்டும்" என்று வேம்பு ஒரே பிடியாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடுவதாக இருந்தது.

குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. வழக்கு இருக்கிற இடத்தில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சமாதானம் ஆகிவிட்டதாகக் கணக்கு, அப்புறம் வாய் திறக்க முடியாது. வீட்டில் யார் சாப்பிட்டாலும் வீடே சாப்பிட்ட மாதிரிதான். அதனால் சனிக்கிழமை மத்தியானம் 'பேசலாம் வா' என்று கலியபெருமாள் ஆள் அனுப்பியபோது, பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் வேம்பு போனாள். விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல், மூன்று வயது ஆதிலட்சுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

கலியபெருமாள் எழுந்து நின்று வரவேற்றார். பீங்கான் தட்டில் வறுத்த மீன் வந்தது, கோழி வந்தது. வேம்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனதிலிருந்து கஞ்சியைத் தவிர வேறெதையும் பார்க்காத குழந்தை எட்டி எட்டிப் பார்த்தது. வேம்பு அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக, பழுப்புப் பாகு வழிகிற ஒரு பால் இனிப்பு குழந்தைக்கு நேராக வந்து உட்கார்ந்தது.

"இத பாரும்மா வேம்பு," என்றார் கலியபெருமாள், தாழ்ந்த குரலில். "செவுரு விரிசல் உட்டுருக்குன்னு மேஸ்திரி எங்கிட்ட சொன்னான். நாந்தான் காதுல வாங்கல. உம்புருஷன் அன்னிக்குக் குடிக்கவே இல்ல."

இந்தச் சொல்லுக்காக எத்தனை வாசல் ஏறியிருப்பாள்! வேம்புவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தையின் கையை விட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இதயே நாளைக்குப் பஞ்சாயத்துல சொல்லுவீங்களா?"

"அதுக்கு அவசியமே இல்லியே!" என்று சிரித்தார் அவர்.

ஆதிலட்சுமி வாயெல்லாம் பாகு. தட்டு காலி. பின்னால் இருந்த மேசையிலிருந்து ஊர் நாட்டார் காத்தவராயன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். பஞ்சாயத்துத் தலைவரே அவர்தான். அவர் கை நனைத்ததை யார் கேட்பது?

"புள்ள சாப்ட்டுச்சிம்மா. நான் பாத்தேன்" என்றார்.

வேம்பு குழந்தையை வாரிக்கொண்டு மணலுக்கு ஓடினாள். குனிய வைத்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். குழந்தை திமிறியது, கதறியது, கடைசியில் எல்லாம் மணலில் வந்து விழுந்தது.

"பாருங்க நாட்டாரே! எல்லாம் வெளிய வந்துடுச்சி! எம்புள்ள ஒண்ணுமே துன்னல!" என்று கத்தினாள்.

நாட்டார் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போனார். உள்ளே யாரோ ஒரு மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள்.

விக்கி விக்கி அழுத ஆதிலட்சுமி, புறங்கையால் வாயைத் துடைத்தாள். "அம்மா, போயிடுச்சி. இன்னும் கொஞ்சம் கேளும்மா" என்றாள்.

வேம்பு ஓங்கி அறைந்தாள். அவள் கைக்கு எட்டிய முதுகு அது ஒன்றுதான்.