பனிக்கட்டியில் போன சாணி

ஜூலை பிறந்தால் போதும், ஹால்வர் ஏரி பச்சையாகிவிடும். ஏதோ கொஞ்சம் பாசி என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்கு அடிக்கிற பெயிண்டை யாரோ டின் டின்னாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வெள்ளை நாய் குதித்தால் பச்சை நாயாகக் கரையேறும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதைவிட மோசமான ஏரிகள் இல்லையா? இருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் மார்விஸ் கெப்பெல் இல்லை.

மார்விஸ் அம்மாள்தான் ஏரிச் சங்கத் தலைவி. கிழக்குக் கரையில் பெரிய வீடு, அதைவிடப் பெரிய குரல். பாசிக்கு யார் காரணம் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஏரிக்கரையில் இன்னமும் மாடு வைத்திருந்த ஒரே ஆள், மேற்குக் கரை ஆர்லின் ட்வெய்ட்.

அந்த மாடுகள் மேய்ந்த ஓடைப் புல்வெளி சங்கத்துக்குச் சொந்தம். ஆர்லின் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று வரும் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு. புல்வெளி போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான். மாடுகள் போனபிறகு விடிகாலையில் எதற்காக எழுந்திருப்பது என்று ஆர்லினுக்குத் தெரியவில்லை. இத்தனை வயதுவரை வேறு எதற்காகவும் அவர் எழுந்ததில்லை.

ஓட்டு மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பார். மார்விஸ் அம்மாள் பல்கலைக்கழகத்திலிருந்து டெலியா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணை வேறு வரவழைத்திருந்தார். ஏரியின் அடியில் குழாயை இறக்கிச் சேற்றை உருவி எடுத்தால், நூறு வருஷமாகப் படிந்ததெல்லாம் அடுக்கடுக்காகத் தெரியுமாம். இதைக் கேட்ட நாள் முதல் ஆர்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

"சேத்துல அப்படி என்னதான் தெரியப்போகுது?" என்று கேட்டாள் மனைவி யூனிஸ்.

"எங்கப்பா தெரிவாரு."

விஷயம் இதுதான். குளிர்காலம் முழுக்க மாடுகள் தொழுவத்துக்குள் நிற்கும். சாணி கூரை உயரத்துக்குக் குவியும். வயலில் இடுப்பளவு பனி. ஆனால் ஏரி கல்லாக உறைந்து, சறுக்குவண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆர்லினின் அப்பா வைக்கோலோடு சாணியை வாரி வீட்டுக்கு எதிரே பனிக்கட்டி மேல் கொட்டிவிட்டு வருவார். ஏப்ரலில் பனி உடையும், குவியலைக் காணோம். "சம்பளம் கேக்காத வேலைக்காரன்டா இந்த ஏரி" என்று மெச்சிக்கொள்வார். அந்தக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்த எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார்கள். மாட்டிக்கொண்டது ஆர்லின் மட்டும்.

"நம்ம வீட்டுக்கு எதிர்ல குழாயை இறக்கினா தொலைஞ்சோம், யூனிஸ்."

"அப்ப வேற பக்கம் இறக்க வை. உன் படகுலதானே அந்தப் பொண்ணு போகுது?"

ஆமாம், குழாயை இறக்கத் தோதான தட்டைப் படகு ஆர்லினிடம்தான் இருந்தது. அவர் மாட்டைத் துரத்துவதற்கு அவர் படகையே இரவல் கேட்டிருந்தார் மார்விஸ் அம்மாள். கொஞ்சமாவது கூச்சம் இருக்கவேண்டாமா!

சனிக்கிழமை ஊரே சங்கத்தின் படகுத்துறையில் கூடிவிட்டது. அடுப்பில் தொத்திறைச்சி வெந்துகொண்டிருந்தது, உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது.

"சேறு நல்லா ஆழமா எங்க இருக்கும், சார்?" என்று படகில் ஏறியபடி கேட்டாள் டெலியா.

"கிழக்குக் கரைம்மா. கெப்பெல் வீட்டுக்கு நேர் எதிர்ல. கண்ணை மூடிக்கிட்டு இறக்கலாம்" என்றார் ஆர்லின். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

உருவிய சேற்றைத் துறைக்குக் கொண்டுவந்து, ஒரு நீளப் பலகையில் தள்ளி, டெலியா நெடுக்காகப் பிளந்தாள். நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"இந்தக் கறுப்பு அடுக்கு பட்டாணிக் கழிவு. தோலு, கொடி எல்லாம் இருக்கு" என்றாள் டெலியா.

எல்லார் தலையும் மார்விஸ் அம்மாள் பக்கம் திரும்பியது. அவருடைய அப்பா வைத்திருந்த பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலை இருந்த இடத்தில்தான் அந்தப் பெரிய வீடு நிற்கிறது. மலையாகக் குவித்த கொடி அழுகி, அதன் சாறு வருஷக்கணக்கில் ஏரிக்குள் ஓடியதைக் கிழடுகள் மறக்கவில்லை.

"பட்டாணியா! யார் வீட்டுப் பட்டாணிம்மா அது?" என்றார் ஆர்லின், வாயெல்லாம் பல்லாக.

"இருங்க சார், கீழ இன்னொரு அடுக்கு இருக்கு. சாணி. வைக்கோலோட சேர்ந்த தொழுவச் சாணி."

ஆர்லினின் பல் மறைந்தது.

"எங்க கரையில யாருமே மாடு வெச்சதில்லையே!" என்று கத்தினார் மார்விஸ் அம்மாள்.

"பனி உடையும்போது இங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?" என்று டெலியா கேட்டாள்.

இப்போது எல்லார் தலையும் ஆர்லின் பக்கம் திரும்பியது. ஏப்ரலில் மேல்காற்று பனிப்பாளங்களைக் கிழக்கே தள்ளிப்போய் மார்விஸ் அம்மாளின் வாசல்படியில் அடுக்கும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். வருஷாவருஷம் டிராக்டரோடு போய் அந்த அம்மாளின் படித்துறையைப் பனியிலிருந்து மீட்டுக் கொடுப்பதே ஆர்லின்தான். பாளத்தோடு மேலே இருந்ததும் போயிருக்குமே என்று ஒருநாளாவது தோன்றியிருக்கவேண்டாமா?

"மூளை இருக்கா உனக்கு?" என்று யூனிஸ் அவர் காதில் சீறினாள்.

"உங்கப்பன் சாணியை என் வாசல்லயா கொட்டினான்?" என்று பாய்ந்தார் மார்விஸ் அம்மாள்.

"உங்கப்பா பட்டாணிச் சாறை எங்க மாடு குடிக்கிற தண்ணியில விட்டாரே, அது மட்டும் பன்னீரா?"

நடுவில் யாரோ புகுந்து, "இப்ப ஏரியைப் பச்சையாக்குறது யாரும்மா? அதைச் சொல்லு" என்றார்கள்.

"முக்கியமா இவங்க ரெண்டு பேரோட அப்பாங்களும்தான்" என்றாள் டெலியா. "அன்னைக்குக் கொட்டின சத்தைச் சேறு பிடிச்சு வெச்சிருக்கு. வெயில் காலம் வந்தா கொஞ்சம் கொஞ்சமா மேல விடுது, பாசி தின்னு கொழுக்குது. இப்ப இருக்கிற மாடுங்களும் சேர்க்குது, இல்லேங்கல. ஓடைக்கு வேலி போடுங்க. ஆனா மாட்டையே அனுப்பினாலும் ஏரி ரொம்ப நாளைக்குப் பச்சையாத்தான் இருக்கும்."

ஓட்டெடுப்பு நடந்தது. சரிபாதி. மிச்சம் தலைவியின் ஓட்டு மட்டும்தான். ஆர்லின் தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கினார். வீட்டில் டொலோரஸ் என்ற கிழட்டுப் பசு மடி கனத்து அவருக்காகக் காத்திருக்கும். அதை யாருக்கு விற்பது? யார் வாங்குவார்கள்?

மார்விஸ் அம்மாள் கரையிலிருந்த தன் வீட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். "குத்தகை நீடிக்கட்டும். வேலி போடணும்."

ஆர்லினுக்குக் காதை நம்ப முடியவில்லை. நன்றி சொல்லத் தடுமாறிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"ரொம்ப மனசு குளிர்ந்துடாதே" என்றார் மார்விஸ் அம்மாள், தணிந்த குரலில். "உன் மாடு போயிட்டா, அடுத்த ஜூலையில ஜனங்க யார் வீட்டைப் பாப்பாங்க? அதுங்க அங்கயே நிக்கட்டும், எல்லார் கண்ணுலயும் படற மாதிரி."

"அப்ப என்னைத் திட்டுறதை நிறுத்த மாட்டியே?"

"நிறுத்துறதா? இனிமேதான் இருக்கு உனக்கு."

"நல்லா இருப்பே, மார்விஸ். சத்தமாவே திட்டு" என்றார் ஆர்லின். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாற்றத்தால் என்று யூனிஸிடம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை டொலோரஸின் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்லின் பால் கறந்துகொண்டிருந்தபோது, பச்சைத் தண்ணீரைத் தாண்டிக் கணீரென்று வந்தது குரல்: "ஆர்லின்! உன் மாட்டால ஏரியே நாசமாப்போச்சு!"

ஆர்லின் கிழக்குப் பக்கம் பார்த்துத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டு, அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார்.