ஒழுகாத பாத்தி

1

ஆயிரத்து இருநூற்று நாற்பது. கொத்தனார் தன் மனைவிக்குத் தர வேண்டிய தொகை அது.

இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடனிலிருந்துதான். மனைவி படிக்கப் போகும் மாலை வகுப்பின் டீச்சர், "வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள், இரண்டு பக்கம் போதும்" என்றார். மனைவி வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தாள். மனதில் முதலில் வந்து நின்றது இதுதான்.

எழுதுகிறவளும் அந்த மனைவியும் ஒரே ஆளா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் "நான்" என்று தொடங்கினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. "அவள்" என்றால் ஓடுகிறது. அதனால் அவள்.

அதற்கு முன் வேறு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்து, இரண்டையும் அடித்தாள்.

[பறவைகள் இன்னிசை பாடும் அழகிய காலைப் பொழுதில், கதிரவன்]

அன்று காலையில் பாடியது பக்கத்து வீட்டு வேன். கிளம்பாமல் வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தது.

[காய்கறித் தோட்டம் உடலுக்கும் மனதுக்கும்]

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆகவே கடனே முன்னால் நிற்கட்டும்.

2

அவர் கொத்தனார், அவள் சித்தாள். அவர் சுவர் எழுப்ப, அவள் செங்கலும் சாந்தும் சுமந்துகொடுத்தாள். அடுத்தவர்களுக்கு வீடு கட்டியே பாதி ஆயுள் போனது. கடைசியில் ஊருக்கு வெளியே, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரி இருக்கும் வீடுகள் வரிசையில் நிற்கிற தெருவில், ஒன்று அவர்களுக்கும் வாய்த்தது. பின்னால் கொஞ்சம் இடம்.

கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அதிலும் மண்வெட்டியைப் போட்டால் கணீரென்கிறது. வீட்டைக் கட்டியவர்கள் உடைசலையும் காய்ந்த சாந்தையும் அங்கேயே புதைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாலு வரிசை செங்கல் அடுக்கி, உள்ள நல்ல மண்ணு கொட்டினாப் போதும்ங்க. உயரமா இருந்தா எனக்கும் குனிய வேண்டாம்" என்றாள்.

வாழ்நாளெல்லாம் மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே கொட்டியவள் அவள். ஒரு தடவையாவது அதில் எதையாவது நட்டு, அது காய்ப்பதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொத்தனாருக்கு முழங்கால் போய், வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுக்கறதா? அடுக்கறதுக்கு எதுக்குக் கொத்தனாரு? செய்யறதை உருப்படியாச் செய்வோம்."

"உருப்படியான்னா?"

"சிமெண்டுக்குப் பணம் வெச்சிருக்கியா?"

கடன் வந்த வழி இது. அவளுடைய பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திருப்பித் தருகிறேன் என்று அவர்தான் சொன்னார்; அவள் கேட்கவில்லை.*

* கேட்டாள். கதையில் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று அப்படி எழுதிவிட்டாள். "எப்ப தருவீங்க?" என்று அங்கேயே கேட்டாள்.

3

இங்கே கொத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்டியதெல்லாம் நிற்கும். அதைவிட முக்கியம், அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒழுகாது. தொட்டி என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். வேறொருவர் கட்டி ஒழுகுகிற தொட்டியைக் காட்டினால், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டுவார்.

பாத்தி கட்டத் தொடங்கினார். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தார், ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தார். அடியில் தளம் போட்டார். தளத்தில் கம்பி கட்டினார்.

"தக்காளிக்குக் கம்பியா?" என்றாள்.

"நிக்க வேண்டாமா?"

உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒரு பூச்சு, தண்ணீர் கசியாமல் இருக்கக் கலவையில் ஒரு மருந்து. முழங்காலை மறந்து, சிறுவன் மாதிரி அதற்குள் ஏறி இறங்கினார். வேலை முடிந்ததும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

பக்கத்து வீட்டு வேன் டிரைவர் மதிலில் கை ஊன்றி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, மீன் விடப் போறீங்களா?"

"தக்காளி."

"தக்காளிக்கு நீச்சல் தெரியுமா?"

"சிரிக்காத தம்பி. காலையில வந்து கோட்டைப் பாரு."

காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. கொத்தனார் அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார், பால் போட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார், கடைசியாக மனைவியைக் கூப்பிட்டார்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. பாத்தி என்றால் தண்ணீர் வடிய வேண்டும், இது வடியாது. சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு அந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. "நல்லாயிருக்குங்க" என்றாள்.

4

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவருக்கு எழுத்து தெரியாது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"துக்க வீடுன்னு ஏன் எழுதின?"

"அப்படித்தான தலையை ஆட்டுவீங்க."

"ஆட்டுவேன். அதை எழுதணுமா? அப்புறம், கடனை ஏன் எடுத்த எடுப்புல போட்ட? படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியணுமா நான் உனக்குப் பாக்கின்னு?"

"அது இல்லாட்டி கதை ஆரம்பிக்காதுங்க."

"அப்ப முடிக்கும்போதாவது கழிச்சு விடு."

"பார்க்கலாம்" என்றாள். இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. [மற்ற எழுத்தாளர்களின் பாத்திரங்கள் நடுவில் எழுந்து டீ கேட்பதில்லை என்று]

டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததில் மேலே உள்ள வாக்கியம் பாதியில் நின்றுபோனது.

5

நல்ல மண் வாங்கிக் கொட்டினார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் வைத்தாள். ஒவ்வொரு நாளும் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அவற்றைப் போய்ப் பார்த்தாள்.

மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மற்ற இடத்தில் தண்ணீர் ஓடி வடிந்தது, பாத்தியில் நின்றது. மண் கஞ்சியானது. இலைகள் மஞ்சளாகி, நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. ஒன்றைத் தொட்டதும் வேரோடு கையில் வந்தது. வேர் அழுகிய வாடை.

கொத்தனார் பின்வாசலில் நின்று பார்த்தார். "மழை ஜாஸ்தி" என்றார்.

"ஆமாங்க" என்றாள்.

ஓர் ஓட்டை போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அது இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் கட்டிய கடைசிச் சுவர் அது. இனி அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னொன்று எழுப்பப் போவதில்லை. அதை உடை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் தோட்டம் எப்படி வரும்?

6

கதை இங்கே வந்து முட்டி நிற்கிறது. எழுதுகிறவளிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று: அவர் மதியம் தூங்கும்போது அவள் சத்தமில்லாமல் ஓட்டை போட்டு, முன்னால் ஒரு சாக்கைச் சாய்த்து வைத்துவிடுகிறாள். செடி வளர்கிறது. அவருக்குக் கடைசி வரை தெரியாது. [உளிச் சத்தம் கேட்டும் தூங்குகிற கொத்தனார் உலகத்தில் இல்லை. அடித்தாயிற்று.]

இன்னொன்று: அவரே மனம் மாறி எழுந்து வந்து, "என் பிடிவாதத்தால் உன் கனவைச் சிதைத்துவிட்டேன்" என்று [இதை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "யாரு இந்தாளு?" என்று கேட்டார்.]

நடந்தது வேறு. மழை விட்ட காலையில் அவள் அவருடைய பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சுவர் முன்னால் உட்கார்ந்தாள். ஒளிக்கவில்லை. உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். பின்னால் குரல் வந்தது.

"அங்க வேண்டாம். மூலையில கல்லு பிணைஞ்சிருக்கு, விரிசல் விடும்."

திரும்பிப் பார்க்காமல், "அப்ப எங்க, மேஸ்திரி?" என்றாள். வேலையிடத்தில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி. கோபம் வந்தால் வீட்டிலும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தளத்தை ஒட்டி ஒரு புள்ளி வைத்தார். உளியை வாங்கி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தார்.

"அடி."

"உங்க விரலு?"

"நீ உளியைப் பாரு. விரலை நான் பார்த்துக்கறேன்."

அத்தனை வருஷம் கூட வேலை செய்தும் அவளை அவர் சுத்தியல் பிடிக்க விட்டதில்லை. முதல் அடி மெதுவாக விழுந்தது. "பயந்து அடிச்சாத்தான் கையில படும்" என்றார். அடுத்தது நன்றாக விழுந்தது. கடைசியில் சுவர் வழிவிட்டது. கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் பனியனை நனைத்தது.

"ஒழுகுது" என்றார்.

எப்படிச் சொன்னார்? [வருத்தமாக] [பெருமையாக] இரண்டும் சரியில்லை. ரசமட்டம் பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னார். பிறகு அடுத்த புள்ளியை வைத்தார். ஓட்டைகளில் குழாய்த் துண்டு செருகி, சுற்றிப் பூசி, தண்ணீர் மதிலோரமாகப் போக வாட்டம் விட்டார். வேன் டிரைவர் எட்டிப் பார்த்து, "மீனெல்லாம் போச்சாண்ணே?" என்றதற்கு, "வடிகால் வைக்கிறதுதான் வேலை தம்பி. தொட்டி யாரு வேணா கட்டலாம்" என்றார்.

7

புது நாற்றுகள் வைத்து, இப்போது அங்கே தக்காளி காய்க்கிறது. மிளகாயும் பரவாயில்லை. கத்தரி மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது.

முதல் தக்காளியை அவள் பறிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவர் முந்திக்கொண்டார். இரண்டைப் பறித்து, அவள் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் வைத்தார்.

"கடன்ல வரவு வெச்சுக்க."

"என் செடியில பறிச்சு எனக்கே அடைக்கிறீங்களா?"

"சுவர் யாருது?"

"ஓட்டை யாருது?"

அவர் சிரித்தார். பிறகு, "அது கழிஞ்சுதா இல்லியா, அதைச் சொல்லு" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் கழிந்தது என்றாள். எழுத்தில் இருக்கிறதே என்றார் அவர்.

இருக்கிறது. கதையின் முதல் வரியே அதுதான். கோடு போட்டு அடித்தால் கடன் தீரும், ஆனால் கதைக்குத் தலை போய்விடும். டீச்சர் தலையில்லாத கதைக்கு என்ன மதிப்பெண் போடுவாரோ.

ஆகவே உங்களிடம் விடுகிறாள். நீங்கள்தான் கதையைப் படித்து முடித்துவிட்டீர்களே, இனி அந்த வரி உங்களுக்கு வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போங்கள். நேராக ஒரு கோடு இழுங்கள். கொத்தனார் பார்த்துக்கொண்டிருப்பார், கோடு கோணினால் சொல்வார்.